மேக்ஃபைலில் சார்புக் கோப்புகள்: தேவையில்லாத மறுகம்பைலைத் தவிர்க்கும் வழி

ஒரு வரியும் மாற்றாமல் மேக் கட்டளையை இரண்டாம் முறை கொடுத்துப் பாருங்கள். செய்ய ஒன்றுமில்லை என்ற பதில்தான் வர வேண்டும். அதற்குப் பதில் நாலைந்து கோப்புகள் மறுபடி கம்பைல் ஆகின்றன என்றால், மேக்கின் விதிகளைக் கொண்ட மேக்ஃபைலில் ஏதோ ஒரு சார்பு, அதாவது எந்தக் கோப்பு எதை நம்பியிருக்கிறது என்ற குறிப்பு, தவறாக எழுதப்பட்டிருக்கிறது. இதற்கு நேரெதிரான கோளாறும் உண்டு: ஹெட்டரைத் திருத்திய பிறகும் எதுவும் கம்பைல் ஆகாது, நிரல் பழைய நடத்தையையே காட்டும். இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே: ஒவ்வொரு மூலக் கோப்பும் நம்பியிருக்கும் ஹெட்டர்களைப் பட்டியலிடும் சார்புக் கோப்புகளை உருவாக்கும் முறை.

சி அல்லது சி++ நிரல்களை ஜிஎன்யு மேக், ஜிசிசி அல்லது கிளாங் கொண்டு கட்டுபவர்களுக்காக இந்த வழிகாட்டி. கட்டளைகளும் ஃபிளாக்குகளும் இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் இருக்கின்றன. தட்டச்சும்போது அவை ஆங்கில எழுத்தில் வர வேண்டும். எம் என்று தொடங்கும் கம்பைலர் ஃபிளாக்குகள், சிசி, சிஃபிளாக்ஸ், ஃபோனி ஆகியவை பெரிய எழுத்து. மற்றவை சிறிய எழுத்து. மூலம், ஆப்ஜ், சார்பு போன்ற மாறிப் பெயர்களை அப்படியே தமிழில் வைத்துக்கொள்ளலாம், ஜிஎன்யு மேக் அவற்றை ஏற்கும். ரெசிபி வரிகள், அதாவது ஒரு விதியின் கீழ் வரும் கட்டளைகள், டேப் எழுத்தில் தொடங்க வேண்டும். அங்கே ஸ்பேஸ் செல்லாது.

மேக் எதைப் பார்த்து முடிவெடுக்கிறது

கோப்பின் உள்ளடக்கத்தை மேக் பார்ப்பதே இல்லை. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய நாளிலிருந்து அது பார்ப்பது கடைசியாக மாறிய நேரத்தை மட்டும்தான். ஒரு டார்கெட் (விதி உருவாக்கும் கோப்பு) இல்லையென்றாலோ, அதன் முன்தேவைகளில் (அது நம்பியிருக்கும் கோப்புகளில்) ஒன்று அதைவிடப் புதியதாக இருந்தாலோ ரெசிபி ஓடும். கீழே வரும் ஒவ்வொரு கோளாறையும் இந்த ஒரே விதியிலிருந்து விளக்கிவிடலாம். தேவையில்லாத மறுகம்பைல் நடந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த முன்தேவையின் நேரம், ஏன் முன்னே போனது?

பழைய முறையில் என்ன கெடுதல்

இன்றும் பல மேக்ஃபைல்களில் சார்புக் கோப்புக்கென்று தனி விதி இருக்கும். ஒவ்வொரு .சி கோப்புக்கும் சார்புப் பட்டியலை மட்டும் தரும் -எம்எம் ஃபிளாக்கோடு கம்பைலரை ஓட்டி, வெளியீட்டை செட் என்ற உரைதிருத்தும் கட்டளையால் திருத்தி .டி கோப்பில் எழுதுவார்கள், பிறகு அந்த .டி கோப்புகளையெல்லாம் மேக்ஃபைலுக்குள் இன்க்ளூட் செய்வார்கள். தவறான விடை வராது என்றாலும் வீண் வேலை ஏராளம்.

இன்க்ளூட் செய்யப்படும் கோப்பையும் மேக் ஒரு டார்கெட்டாகவே நடத்துகிறது. அதைப் புதுப்பிக்க விதி இருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு, ஏதேனும் மாறியிருந்தால் மேக் தன்னையே முதலிலிருந்து மறுபடி தொடங்கும். 200 மூலக் கோப்புகள் இன்க்ளூட் செய்யும் ஒரு பொது ஹெட்டரைத் திருத்தினீர்கள் என்று வையுங்கள். முதலில் 200 முறை ப்ரீப்ராசசர் (இன்க்ளூட் வரிகளை விரிக்கும் கம்பைலரின் முதற்கட்டம்) ஓடி .டி கோப்புகள் பிறக்கும். மேக் மீண்டும் தொடங்கி எல்லாவற்றையும் படிக்கும். அதற்குப் பிறகுதான் 200 கம்பைல். நீங்கள் ஒரே ஒரு ஆப்ஜெக்ட் கோப்பை (கம்பைலர் தரும் .ஓ கோப்பு) மட்டும் கேட்டிருந்தாலும் அந்த 200 ப்ரீப்ராசசர் ஓட்டங்கள் தவறாது. கிளீன் கொடுத்தாலும் அப்படித்தான்: .டி கோப்புகளை உட்கார்ந்து உருவாக்கும், உடனே அழிக்கும்.

செட் கட்டளைக்கும் அங்கே ஒரு காரணம் இருக்கிறது. -எம்எம் தரும் டார்கெட் பெயரில் கோப்புறை இருக்காது. கட்டு/அ.ஓ என்று வர வேண்டிய இடத்தில் வெறும் அ.ஓ என்று வரும். திருத்தத் தவறினால் சார்பு யாருமே கேட்காத ஒரு டார்கெட்டுக்குப் போய்ச் சேரும். ஹெட்டர் மாறினாலும் எதுவும் நடக்காது.

சார்புக் கோப்பு கம்பைலின் துணை விளைவாகவே வரட்டும்

ஒரு மூலக் கோப்பு எந்தெந்த ஹெட்டர்களைத் தொடுகிறது என்பது கம்பைல் நடக்கும்போது கம்பைலருக்குத் தானாகவே தெரிந்துவிடும். அதே ஓட்டத்தில் எழுதி வைக்கச் சொன்னால் போதும். கம்பைலுக்கு முன்பே அந்தப் பட்டியல் வேண்டாமா என்ற ஐயம் புதியவர்களுக்கு வருவது இயல்பு. வேண்டாம். முதல் முறை ஆப்ஜெக்ட் கோப்பே இல்லாததால் சார்பு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கம்பைல் நடந்தே தீரும். இரண்டாம் முறைதான் பட்டியல் தேவை. அதற்குள் அது தயாராக இருக்கும். பட்டியலே மாறும் அளவுக்கு ஒரு மூலமோ ஹெட்டரோ திருத்தப்பட்டால், அந்தத் திருத்தமே கம்பைலைத் தூண்டிப் பட்டியலையும் புதுப்பித்துவிடும். இந்த யோசனையை, மேக்ஃபைல்களை உருவாக்கும் கருவியான ஆட்டோமேக்குக்காக டாம் ட்ரோமி வடிவமைத்தார். இன்று பரவலாகப் பயன்படுவது இதுவே.

முழு மேக்ஃபைல் இவ்வளவுதான்:

மூலம் := $(வைல்ட்கார்டு *.சி)
ஆப்ஜ் := $(மூலம்:%.சி=கட்டு/%.ஓ)
சார்பு := $(ஆப்ஜ்:.ஓ=.டி)

செயலி: $(ஆப்ஜ்)
	$(சிசி) -ஓ $@ $^

கட்டு/%.ஓ: %.சி | கட்டு
	$(சிசி) $(சிஃபிளாக்ஸ்) -எம்எம்டி -எம்பி -சி -ஓ $@ $<

கட்டு:
	எம்கேடிர் -பி $@

-இன்க்ளூட் $(சார்பு)

-எம்எம்டி கம்பைலை நிறுத்தாமல் கூடவே .டி கோப்பையும் எழுதும். -ஓ கொடுத்திருப்பதால் கோப்பு கட்டு/அ.டி என்ற இடத்தில் விழும். உள்ளே டார்கெட் பெயரும் கட்டு/அ.ஓ என்று சரியாக இருக்கும். செட் வேலைக்கு இடமே இல்லை. இதன் உடன்பிறப்பான -எம்டி, ஸ்டாண்டர்ட் நூலக ஹெட்டர்களையும் பட்டியலில் சேர்க்கும். அதைப் போட்டால் கணினியின் சி நூலகத்தைப் புதுப்பித்த மறுநாள் எல்லாமே மறுகம்பைல் ஆகலாம். கம்பைலரோ நூலகமோ மாறினால் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுவதே நியாயம் என்று கருதும் திட்டங்களுக்கு -எம்டி பொருந்தும். அன்றாட வேலைக்கு -எம்எம்டி போதும்.

-எம்பியை விட்டுவிடாதீர்கள். பழைய.எச் என்ற ஹெட்டரை அழித்து, அதை இன்க்ளூட் செய்த வரியையும் எடுத்துவிட்டீர்கள். ஆனால் நேற்றைய .டி கோப்பில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. இந்த டார்கெட்டை உருவாக்க விதியில்லை என்று மேக் நின்றுவிடும். பலர் இதைக் கண்டதும் கட்டு கோப்புறையையே அழித்து எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுகிறார்கள். -எம்பி ஒவ்வொரு ஹெட்டருக்கும் முன்தேவையும் ரெசிபியும் இல்லாத ஒரு வெற்று விதியை .டி கோப்பில் சேர்க்கிறது. அப்படிப்பட்ட டார்கெட் கோப்பாக இல்லாவிட்டால், அது இப்போதுதான் புதுப்பிக்கப்பட்டது என்று மேக் எடுத்துக்கொள்ளும். விளைவாக, அந்த ஹெட்டரை நம்பியிருந்த கோப்புகள் மட்டும் ஒருமுறை கம்பைல் ஆகும், புதிய .டி கோப்பில் பழைய பெயர் இருக்காது.

கடைசி வரியின் தொடக்கத்தில் இருக்கும் கழித்தல் குறி, கோப்பு இல்லாவிட்டால் பேசாமல் நகரச் சொல்கிறது. அந்த வரி மேக்ஃபைலின் கடைசியில் இருப்பதும் முக்கியம். மேலே வைத்தால் ஏதோ ஒரு .டி கோப்பின் முதல் டார்கெட் இயல்பு இலக்காகிவிடும். மேக் என்று மட்டும் கொடுக்கும்போது ஒரே ஒரு ஆப்ஜெக்ட் கோப்பைக் கட்டிவிட்டு நின்றுவிடும்.

கோப்புறையைச் சாதாரண முன்தேவையாக வைக்காதீர்கள்

மேலே உள்ள விதியில் கட்டு என்ற கோப்புறைக்கு முன்னால் செங்குத்துக் கோடு இருப்பதைக் கவனியுங்கள். கோட்டுக்கு வலப்பக்கம் இருப்பவை வரிசைக்கு மட்டுமான முன்தேவைகள்: முதலில் அவை இருக்க வேண்டும், ஆனால் அவற்றின் நேரம் கணக்கில் வராது. 2002இல் வந்த 3.80 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது.

கோட்டை மறந்தால் என்ன ஆகும்? கோப்புறைக்குள் ஒரு கோப்பு பிறந்தாலோ, அழிந்தாலோ, பெயர் மாறினாலோ கோப்புறையின் நேரம் மாறும். ஒவ்வொரு .ஓ, .டி கோப்பு பிறக்கும்போதும் கட்டு கோப்புறை புதிதாகிறது. எனவே கடைசியாகப் பிறந்த கோப்புக்கு முன்னால் கட்டப்பட்ட ஆப்ஜெக்ட் கோப்புகள் எல்லாம் கோப்புறையைவிடப் பழையவை ஆகிவிடுகின்றன, அடுத்த ஓட்டத்தில் மறுபடி கம்பைல் ஆகின்றன. எதையும் தொடாமலே கிட்டத்தட்ட எல்லாக் கோப்புகளும் மறுகம்பைல் ஆகின்றன என்று சொல்பவர்களிடம் முதலில் தேட வேண்டிய இடம் இதுதான்.

.டி தொலைந்தால் என்ன செய்வது

மேலே உள்ள எளிய வடிவத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. யாரோ .டி கோப்புகளை மட்டும் அழித்துவிட்டால் .ஓ கோப்பு இருப்பதால் மேக் திருப்தியடைந்துவிடும். அதன்பின் ஹெட்டர் மாற்றம் எதுவும் அதன் கண்ணில் படாது. இன்னொன்று, கம்பைல் பாதியில் கொல்லப்பட்டால் .டி அரைகுறையாக எழுதப்பட்டுக் கிடக்கலாம். மேக் பாதியில் நின்ற டார்கெட்டைத்தான் அழிக்கும், அதன் துணை விளைவை அது அறியாது. அரைகுறைக் கோப்பை அடுத்த முறை படிக்கும்போது பிரிப்பான் இல்லை என்ற பிழை வரும்.

இரண்டையும் அடைக்கும் வடிவம்:

கட்டு/%.ஓ: %.சி கட்டு/%.டி | கட்டு
	$(சிசி) $(சிஃபிளாக்ஸ்) -எம்எம்டி -எம்பி -எம்எஃப் கட்டு/$*.டிஎம்பி -சி -ஓ $@ $<
	எம்வி -எஃப் கட்டு/$*.டிஎம்பி கட்டு/$*.டி
	டச் $@

$(சார்பு):

இன்க்ளூட் $(வைல்ட்கார்டு $(சார்பு))

-எம்எஃப் பட்டியலைத் தற்காலிகப் பெயரில் எழுதச் சொல்கிறது. கம்பைல் வெற்றியடைந்தால்தான் அடுத்த வரி அதற்கு உண்மையான பெயரைக் கொடுக்கும். .டி இப்போது முன்தேவை ஆனதால் அது இல்லாவிட்டால் .ஓ மறுபடி கட்டப்படும். ரெசிபி இல்லாத $(சார்பு): என்ற வரி, .டி கோப்பை உருவாக்க வழி தெரியவில்லை என்று மேக் முறையிடாமல் பார்த்துக்கொள்கிறது. அவற்றை இடைக்காலக் கோப்புகளாகக் கருதி அழிப்பதையும் தடுக்கிறது. இருக்கும் கோப்புகளை மட்டும் இன்க்ளூட் செய்ய வைல்ட்கார்டு. இந்த வடிவத்தில் கழித்தல் குறியோடு முழுப் பட்டியலையும் கொடுக்காதீர்கள், இல்லாத .டி கோப்பைப் புதுப்பித்துவிட்டதாக மேக் எண்ணிக்கொள்ளும் சிக்கல் அதில் இருக்கிறது.

தேவையற்றது போலத் தெரியும் டச் வரிதான் இங்கே உயிர்நாடி. .ஓ இப்போது .டி கோப்பை நம்பியிருக்கிறது. சில கம்பைலர் பதிப்புகளில் .ஓ எழுதி முடித்த பிறகு .டி எழுதப்படுகிறது. அப்படியானால் முன்தேவை டார்கெட்டைவிட ஒரு நொடியின் சிறு பகுதி புதியது, நேரத்தை நானோநொடி வரை பதியும் இன்றைய கோப்பு முறைமைகளில் அதுவே போதும். ஒவ்வொரு முறையும் கம்பைல், ஒவ்வொரு முறையும் புதிய .டி, மறுபடி கம்பைல். முடிவே வராது. டச் வரி .ஓ கோப்பின் நேரத்தைக் கடைசியில் நிறுத்துகிறது. .டி கோப்பைக் கோட்டுக்கு வலப்பக்கம் தள்ளினாலும் இந்தச் சுழல் நிற்கும், ஆனால் .டி தொலைந்ததைக் கண்டுபிடிக்கும் பயனும் கூடவே போய்விடும். எனவே டச் வரியே சரியான தீர்வு.

உருவாக்கப்படும் ஹெட்டர்கள்

ஒரு கருவி உருவாக்கும் ஹெட்டர் இருந்தால் முதல் கட்டுமானத்தில் சிக்கல் வரும். .டி இன்னும் பிறக்கவில்லை, பதிப்பு.எச் முதலில் வேண்டும் என்று மேக்குக்கு யார் சொல்வது? எல்லா ஆப்ஜெக்ட் கோப்புகளுக்கும் அதைச் சாதாரண முன்தேவையாக வைத்தால், அதைத் தொடாத கோப்புகளும் அது மாறும்போதெல்லாம் கம்பைல் ஆகும். கோட்டைப் பயன்படுத்துங்கள்:

$(ஆப்ஜ்): | பதிப்பு.எச்

முதல் முறை வரிசை காக்கப்படும். அடுத்த முறையிலிருந்து .டி கோப்புகளே உண்மையான சார்பைச் சொல்லும். ஒரே கோப்பு இரண்டு வகையிலும் குறிக்கப்பட்டிருந்தால் சாதாரண முன்தேவையே மேலோங்கும் என்பது மேக்கின் விதி. அதனால் முரண்பாடு எழாது.

அடுத்த சிக்கல், கருவி மறுபடி ஓடியும் ஹெட்டரின் உள்ளடக்கம் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருப்பது. நேரம் மட்டும் புதிது, விளைவோ பெரிய மறுகம்பைல். முத்திரைக் கோப்பு ஒன்று வைத்து இதைத் தடுக்கலாம்:

பதிப்பு.எச்: பதிப்பு.முத்திரை ;

பதிப்பு.முத்திரை: பதிப்பு.மூலம்
	./உருவாக்கு $< > பதிப்பு.டிஎம்பி
	சிஎம்பி -எஸ் பதிப்பு.டிஎம்பி பதிப்பு.எச் || எம்வி -எஃப் பதிப்பு.டிஎம்பி பதிப்பு.எச்
	டச் $@

கருவி ஓடியதற்கான சாட்சி முத்திரைக் கோப்பு. உள்ளடக்கம் மாறியதற்கான சாட்சி ஹெட்டர். முதல் வரியின் கடைசியில் இருக்கும் அரைப்புள்ளியை விட்டால் வேலை கெடும். அது ஒரு வெற்று ரெசிபி. ரெசிபி இருந்தால் மேக் அதை ஓட்டியபின் ஹெட்டரின் நேரத்தை மறுபடி பார்க்கும்; நேரம் மாறவில்லை என்று கண்டு அமைதியாக இருக்கும். ரெசிபியே இல்லையென்றால் பார்க்காமலே ஹெட்டர் புதிதாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடும். கிளீன் விதியில் ஹெட்டரையும் முத்திரையையும் சேர்த்தே அழியுங்கள். ஹெட்டரை மட்டும் அழித்தால் முத்திரை இருப்பதால் கருவி ஓடாது, கம்பைல் பிழையில்தான் போய் நிற்கும்.

ஃபிளாக் மாற்றங்கள்

சிஃபிளாக்ஸ் மதிப்பை மாற்றினால் எந்தக் கோப்பின் நேரமும் மாறுவதில்லை. அதைச் சரிசெய்ய மேக்ஃபைலையே ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் முன்தேவையாக வைப்பவர்கள் உண்டு. பிறகு ஒரு கருத்துரையைத் திருத்தினாலும் முழுத் திட்டமும் கம்பைல் ஆகும். ஃபிளாக்குகளை ஒரு கோப்பில் எழுதி, மாறினால் மட்டும் புதுப்பிப்பது இதைவிட நல்லது:

.ஃபோனி: எப்போதும்
கட்டு/ஃபிளாக்: எப்போதும் | கட்டு
	@எக்கோ '$(சிசி) $(சிஃபிளாக்ஸ்)' | சிஎம்பி -எஸ் - $@ || எக்கோ '$(சிசி) $(சிஃபிளாக்ஸ்)' > $@

ஆப்ஜெக்ட் விதியின் முன்தேவைகளில் கோட்டுக்கு இடப்பக்கம் கட்டு/ஃபிளாக் என்பதைச் சேருங்கள். விதி ஒவ்வொரு முறையும் ஓடும், ஆனால் மதிப்பு மாறாதவரை கோப்பின் நேரம் மாறாது. ஒற்றை மேற்கோள் குறி உள்ள ஃபிளாக் இருந்தால் மட்டும் எக்கோ வரியில் கவனம் தேவை. கிட் திட்டத்தின் மேக்ஃபைல் இதே வழியைக் கையாள்கிறது. லினக்ஸ் கெர்னல் இன்னும் நுணுக்கமாகப் போகிறது: ஒவ்வொரு டார்கெட்டுக்கும் பயன்படுத்திய கட்டளை வரியை ஒரு .சிஎம்டி கோப்பில் வைத்து அடுத்த முறை ஒப்பிடுகிறது.

எப்போதும் என்பது ஃபோனி டார்கெட், அதாவது எந்தக் கோப்பையும் குறிக்காத வெறும் பெயர். அதை நேராக .ஓ விதியில் வைத்தால் ஒவ்வொரு முறையும் கம்பைல் ஆகும். டெப்ஸ் என்றோ செட்டப் என்றோ பெயரிட்ட ஃபோனி டார்கெட்டை ஆப்ஜெக்ட் விதியில் சாதாரண முன்தேவையாகச் சேர்ப்பது புதியவர்கள் மேக்ஃபைலில் அடிக்கடி காணும் பிழை.

காரணத்தைக் கண்டுபிடிப்பது

ஊகிக்க வேண்டாம், மேக்கிடமே கேளுங்கள். 4.0 பதிப்பிலிருந்து --ட்ரேஸ் என்ற ஃபிளாக் இருக்கிறது. ஒவ்வொரு ரெசிபியும் ஓடும்போது எந்த வரியின் விதி, எந்த முன்தேவை காரணம் என்று அச்சிடும். காரணமாகக் கோப்புறைப் பெயர் வந்தால் கோடு விட்டுப்போயிருக்கிறது. .டி கோப்பின் பெயர் வந்தால் டச் வரி இல்லை. ஹெட்டர் பெயர் வந்து, நீங்கள் அதைத் தொடவில்லை என்றால் அதை எந்த விதி மீண்டும் எழுதுகிறது என்று பாருங்கள். டார்கெட் இல்லை என்ற செய்தி ஒவ்வொரு முறையும் வந்தால், ரெசிபி எழுதும் கோப்பின் பெயரும் விதியில் உள்ள டார்கெட் பெயரும் வேறுபடுகின்றன. -ஓ வுக்குப் பின் $@ இருக்கிறதா என்று சரிபாருங்கள். பழைய பதிப்பு என்றால் -டி ஃபிளாக் அதே தகவலைத் தரும், ஆனால் பல ஆயிரம் வரிகளுக்கு நடுவில் தேட வேண்டும்.

மேக்ஃபைலைத் திருத்திய ஒவ்வொரு முறையும் மூன்று சோதனைகள் செய்யுங்கள். முழுதாகக் கட்டிவிட்டு -என் ஃபிளாக்கோடு மறுபடி ஓட்டுங்கள். கம்பைல் வரி ஒன்றும் வரக்கூடாது. ஃபிளாக் கோப்பு வைத்திருந்தால் இந்தச் சோதனைகளை -என் இல்லாமல் நேராக ஓட்டியே செய்யுங்கள்: -என் ஓட்டத்தில் அந்தக் கோப்பு புதிதாகிவிட்டது என்று மேக் எடுத்துக்கொண்டு எல்லாக் கம்பைல் வரிகளையும் காட்டும். அடுத்து, ஒரே ஒரு .சி கோப்பு பயன்படுத்தும் ஹெட்டரை டச் செய்து -என் ஓட்டுங்கள். ஒரு கம்பைலும் ஒரு இணைப்பும் மட்டும் தெரிய வேண்டும். பிறகு ஒரு .டி கோப்பை அழித்துப் பாருங்கள். .டி முன்தேவையாக இருக்கும் இரண்டாம் வடிவத்தில் அந்த ஒரு ஆப்ஜெக்ட் மட்டும் மறுபடி கட்டப்பட வேண்டும். தானியங்கிச் சோதனையில் -க்யூ ஃபிளாக் உதவும்: எல்லாம் புதுப்பித்த நிலையில் இருந்தால் 0, இல்லையென்றால் 1 என்ற முடிவுக் குறியீட்டைத் தரும். ஃபிளாக் கோப்பு உத்தியோடு மட்டும் அது எப்போதும் 1 தரும். அங்கே மேக்கை உண்மையாகவே மறுபடி ஓட்டி, வெளியீட்டில் கம்பைல் வரிகளை எண்ணுவதே வழி.

மேக்ஃபைல் சரியாக இருந்தும் மறுகம்பைல் நடக்கும் இடங்கள் இரண்டு உண்டு. கிட்டில் வேறு கிளைக்குப் போய்த் திரும்பினால், இரு கிளைகளிலும் வேறுபடும் கோப்புகள் புதிய நேரத்தோடு எழுதப்படும். உள்ளடக்கம் பழையதுதான் என்று மேக்குக்குத் தெரியாது. சிகேஷ் போன்ற கருவியைக் கம்பைலருக்கு முன்னால் வைத்தால் அந்தக் கம்பைல்கள் சேமிப்பிலிருந்து விரைவாக வந்துவிடும், .டி கோப்பையும் அது திருப்பித் தரும். மற்றொன்று வலையமைப்பு வழிப் பகிர்ந்த கோப்புறை. கோப்புகளை வைத்திருக்கும் கணினியின் கடிகாரம் முன்னே இருந்தால், கடிகார வேறுபாடு கண்டறியப்பட்டது என்ற எச்சரிக்கையை மேக் காட்டும். அந்த எச்சரிக்கை வந்தால் மேக்ஃபைலைத் தொடாதீர்கள். இரு கணினிகளின் நேரத்தையும் ஒத்திசைத்துவிட்டு, கட்டு கோப்புறையை அழித்து ஒருமுறை முழுதாகக் கட்டுங்கள்.